இரண்டாவது பிஸ்டல்: எதைக் கழிப்பது, எதைக் கையில் எடுத்துப் பார்ப்பது

அமெரிக்காவில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் முதல் பிஸ்டலை வாங்கும்போது பெரும்பாலும் கூட வேலை செய்கிறவர் சொன்னதையோ கடைக்காரர் எடுத்து நீட்டியதையோ வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. 450 முதல் 700 டொலர் வரையான நடுத்தர விலையில், பெயர் எடுத்த கொம்பனி எதுவானாலும், செமி ஓட்டோமற்றிக் பிஸ்டல் ஒழுங்காகச் சுடும், அடிக்கடி சிக்காது, பத்து இருபது வருடம் உழைக்கும். யோசித்து வாங்க வேண்டியது இரண்டாவதைத்தான். அதற்குள் முதலாவது ஏதோ கற்றுக் கொடுத்திருக்கும். பிடி கைக்குப் பெரிதா, ட்ரிகர் பாரமா, எந்தப் பக்கம் ரவை விலகுகிறது என்றெல்லாம் சுட்டவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிவைப் பயன்படுத்தாமல் படத்தைப் பார்த்து இன்னொன்று வாங்குகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த முறை கேட்டவன் என் பெறாமகன். ஹூஸ்டனில் இருக்கிறான். நல்லூர்த் திருவிழாவுக்கு மனைவி பிள்ளைகளோடு வந்து கோண்டாவிலில் எங்கள் வீட்டில் நிற்கிறான். அவனிடம் நாலாம் தலைமுறை கிளொக் 19 ஒன்று இருக்கிறது. நானும் நெடுங்காலம் அந்த நாட்டில் இருந்தவன். ஒரு சூட்டுக் கழகத்தில் ரேஞ்சின் பாதுகாப்புப் பொறுப்பில் நின்றிருக்கிறேன். ஊருக்குத் திரும்பும்போது என்னிடம் இருந்தவற்றை முறைப்படி விற்றுவிட்டுத்தான் வந்தேன். ஆகவே இங்கே தொட்டுப் பார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை. விறாந்தையில் கொப்பியும் பேனையும் மட்டும்தான். கடதாசியில் எதைக் கழிக்கலாம், எதைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் சொல்லலாம் என்று பிரித்துப் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

இந்த ஊரில் துவக்கைப் பற்றிக் கதைப்பது இலேசான விஷயம் இல்லை. முப்பது வருடம் அதன் மறுமுனையில் வாழ்ந்த சனம் நாங்கள். நாங்கள் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்ட என் அம்மா, "ஒண்டு காணாதே மோனை? உது என்னத்துக்கு ரெண்டாவது?" என்று பேரனைக் கேட்டா. சரியான கேள்வி. எதற்கு என்று சொல்ல முடியாவிட்டால் எது என்று தேடவே தேவையில்லை. அவன் சொன்ன காரணங்கள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஐ.டி.பி.ஏ. என்ற அமைப்பின் பிஸ்டல் சூட்டுப் போட்டிகளுக்குப் போகிறான், அதற்குச் சற்று நீளமான, ரெட் டொட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) பூட்டக்கூடிய ஒன்று வேண்டும். மற்றது, மருமகளும் பழக விரும்புகிறாள். அவளுக்குக் கை சின்னது, அதோடு இடதுகைக்காரி. வீட்டுப் பாதுகாப்பு இந்தக் கணக்கில் இல்லை. அதற்கென்று பூட்டிய பெட்டிக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

ரவையைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. 9 மில்லிமீற்றர் மட்டும்தான். 1902 இல் ஜேர்மனியில் கேயோர்க் லூகர் வடிவமைத்த ரவை அது. இன்று உலகத்தில் அதிகம் பாவிக்கப்படுவதும் பெரிய பிஸ்டல் ரவைகளில் மலிவானதும் அதுதான். ஒரு வீட்டில் இரண்டு பேர் பழகும்போது இரண்டு அளவு ரவை வைத்திருப்பது வீண் குழப்பம். போட்டிக்கும் அது போதும். 124 கிரெயின் எடையுள்ள சன்னம் வினாடிக்கு 1,100 அடி வேகத்தில் போனால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 136 வரும். போட்டியில் கேட்பது 125. கடையில் கிடைக்கும் சாதாரண ரவையே தேறிவிடும்.

முதலில் கிளொக்கையே எடுத்தோம், அவனுக்குப் பழகியது என்பதால். கிளொக் 17 ஐ ஒஸ்திரிய இராணுவம் 1982 இல் ஏற்றுக்கொண்டது. அதைச் சிறிதாக்கிய 19 வந்தது 1988 இல். 2017 இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் விரல் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள். ஸ்லைடை, அதாவது சுடும்போது பின்னால் ஓடி வரும் மேற்பகுதியை, பிடித்து நிறுத்தும் நெம்பு இரண்டு பக்கமும் வந்தது. ரவை அடுக்கும் மகசினைக் கழற்றுகிற பொத்தானை மற்றப் பக்கத்துக்கு மாற்றலாம். எம்.ஓ.எஸ். என்று வருவதில் ரெட் டொட் பூட்ட ஸ்லைடை வெட்டியே தருகிறார்கள். விலை ஏறத்தாழ 550 முதல் 650 டொலர் வரை. அவனுக்கு இதில் உள்ள பெரிய வசதி, புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை என்பது. ட்ரிகர், பிடிக் கோணம், கழற்றும் முறை எல்லாம் கைக்குத் தெரியும். உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். மகசின் விலையிலும் இதை வெல்ல வேறொன்றும் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: 17 இன் நீண்ட மகசினை 19 இல் போடலாம், 19 இன் 15 ரவை மகசினை 17 இல் போட முடியாது, நீளம் காணாது. கிளொக் 45 க்கும் அதே கதைதான். அதன் மேற்பகுதி 19, பிடி 17.

ஆனால் அவனுடைய முறைப்பாடே கிளொக்கின் பிடியைப் பற்றியதுதான். கண்ணை மூடிக் கையை நீட்டினால் முன் குறி மேலே நிற்கிறது என்கிறான். இது பலருக்கு உள்ளதுதான். பிடி பின்னால் கூடுதலாகச் சரிந்திருப்பதால் வருவது. சில ஆயிரம் ரவை சுட்டால் மணிக்கட்டு பழகிவிடும். எனக்குப் பழகியது. அவனுக்கு இன்னும் பழகவில்லையென்றால், அதே பிடியில் இன்னொன்று வாங்குவதால் அந்தக் குறை தீராது. கொம்பனி பூட்டித் தருகிற பிளாஸ்ரிக் குறிகளையும் மாற்றத்தான் வேண்டிவரும். அது தனிச் செலவு.

அடுத்தது ஸ்மித் அன்ட் வெசனின் எம் அன்ட் பி 2.0. எம் அன்ட் பி 2005 இல் வந்தது, 2.0 என்பது 2017 இல். நான் இதை நெடுநேரம் பேசினேன், அதற்குக் காரணம் உண்டு. இதன் பெட்டிக்குள் பிடியின் பின்புறத்துக்கு நாலு அளவுத் துண்டுகள் வரும். மிகச் சிறியதைப் போட்டால் ட்ரிகருக்கும் உள்ளங்கைக்கும் இடையே உள்ள தூரம் குறையும். பிடிக் கோணம் 18 பாகை, பழைய 1911 பிஸ்டலினுடையதைப் போல. கிளொக்கில் மேலே பார்க்கிற கை இதில் பெரும்பாலும் நேராக நிற்கும். ஸ்லைட் நெம்பு இரண்டு பக்கமும் உண்டு, மகசின் பொத்தானை வலப்பக்கத்துக்கு மாற்றலாம். இடதுகைக்காரிக்கு இவை ஆடம்பரம் அல்ல, அன்றாடத் தேவை.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கிளொக்கைத் துடைக்கக் கழற்றும்போது ட்ரிகரை ஒருதரம் இழுத்தாக வேண்டும். வால்தர் பி.டி.பி.யும் சி.இசட். பி-10 உம் அப்படித்தான். குழலுக்குள் ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு இழுத்தால் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் களைத்துப்போய் வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் சத்தம் போடும்போது துடைக்க உட்காருகிறவர், மகசினைக் கழற்றினால் போதும் என்று நினைத்து இழுத்துவிட்டால், குழலுக்குள் மிஞ்சிய ஒரு ரவை வெடிக்கும். எம் அன்ட் பி.யில் உள்ளே ஒரு சின்ன நெம்பைக் கீழே தள்ளிவிட்டு ட்ரிகரைத் தொடாமலே கழற்றலாம். புதிதாகப் பழகுகிற ஒருவரும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீட்டுக்கு இதை நான் பெரிய புள்ளியாகவே போடுகிறேன். விலை 500 முதல் 600 டொலர்தான். பொலிஸ் திணைக்களங்கள் மாற்றிக் கொடுத்த பழையவை இன்னும் மலிவாகக் கிடைக்கும். வெளியே தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். குறை என்றால், பிடியின் சொரசொரப்பு உள்ளங்கையை உரசும். அத்தோடு முந்திய உற்பத்திகளில் ட்ரிகர் எங்கே விடுபடுகிறது என்பது கிளொக் அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. தட்டையான முகமுள்ள புதிய ட்ரிகர் அதைப் பெருமளவு திருத்திவிட்டது.

வால்தர் பி.டி.பி. 2021 இல் வந்தது. ஜேர்மனியில் ஊல்ம் நகரத்துக் கொம்பனி. எல்லா மொடலும் ரெட் டொட்டுக்கு வெட்டியபடிதான் வரும். ட்ரிகரைப் பற்றி இரண்டு கருத்து இல்லை: இந்த விலைக்குள், சுத்தியல் வெளியே இல்லாத ஸ்ட்ரைக்கர் வகையில் இதைவிட நல்ல ட்ரிகரை நான் இழுத்ததில்லை. முதலில் சும்மா நகரும் தூரம் குறைவு, பிறகு சுவரில் முட்டியது போலத் தெளிவான ஒரு தடை, அதன் பிறகு சுத்தமாக விடுபடும். 600 முதல் 700 டொலர் போகும், மகசினும் கிளொக்கினதை விட விலை. சாதாரண பி.டி.பி.யின் ஸ்லைட் கனமானது, சுருள்வில்லும் இறுக்கம். சுடும்போது மூக்கு எழும்புவது சற்றுக் கூடுதலாகத் தெரியும். பெறாமகனின் கைக்கு இது பரவாயில்லை. மருமகளுக்கு ஸ்லைடை இழுப்பதே பாடாகிவிடும்.

அதற்குத்தான் பி.டி.பி. எஃப் என்ற வரிசை இருக்கிறது. 2022 இல் விட்டார்கள். பெண்களின் கை அளவை வைத்துப் பிடியின் சுற்றளவைக் குறைத்து, ட்ரிகரை விரலுக்குக் கிட்டே கொண்டுவந்து, ஸ்லைட் இழுக்கும் பலத்தையும் குறைத்து வடிவமைத்தது. ஏற்கெனவே உள்ள ஒன்றுக்கு நிறம் மட்டும் மாற்றிப் பெண்களுக்கு என்று விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் நெடுநாள் இருந்தது. இது அப்படியல்ல, உள்ளே உண்மையாகவே மாற்றியிருக்கிறார்கள். இந்த வரிசையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அதுவரை பேசாமல் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த மருமகள், "மாமா, இவருடைய கிளொக்கில் எனக்கு விரல் நுனிதான் ட்ரிகரில் படுகுது. அதுதானோ எல்லாம் ஒரு பக்கமாப் போகுது?" என்று கேட்டாள். அதேதான். விரலின் முதல் மூட்டுக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள சதை ட்ரிகரில் அமராவிட்டால் இழுக்கும்போது பிஸ்டலே திரும்பும். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் கைக்குப் பெரிய பிடியை அது முழுதாகத் திருத்தாது. உள்ளங்கையின் அடியிலிருந்து சுட்டுவிரல் மூட்டு வரை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டோம். அந்தக் கேள்வியோடு எங்கள் ஒப்பீடு வேறு பக்கம் திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

சி.இசட். பி-10 சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். செக் நாட்டில் ஊகர்ஸ்கி ப்ரொட் என்ற ஊரில் செய்வது, 2017 இல் வந்தது, 15 ரவை, 450 முதல் 500 டொலர். காசுக்கு இதைவிடப் பெறுமதி இல்லை. ட்ரிகர் கிளொக்கை விட நல்லது, பிடி வளைவும் நல்லது. தனியாகப் பெறாமகனுக்கு மட்டும் என்றால் இதை முதல் மூன்றுக்குள் வைத்திருப்பேன். ஸ்லைட் சுருள்வில் புதிதில் மிகவும் இறுக்கம் என்பதால் மருமகளுக்குச் சரிவராது.

ஆனால் சி.இசட். என்றால் என் மனம் போவது 75 க்குத்தான். கோட்ஸ்கி சகோதரர்கள் வடிவமைத்து 1975 இல் வந்த பிஸ்டல். முழுக்க உருக்கு, ஒரு கிலோ எடை. கிளொக் 19 வெறுமனே 600 கிராம் அளவுதான். பெரும்பாலான மற்றப் பிஸ்டல்களில் ஸ்லைட் கீழ்ச் சட்டகத்துக்கு வெளியே ஓடும், இதில் சட்டகத்துக்கு உள்ளே ஓடும். ஆகவே குழல் கைக்கு மிகக் கிட்டே தாழ்ந்து நிற்கும். எடையும் சேர, 9 மில்லிமீற்றர் சுடுவதே தெரியாமல் சுடலாம். கையில் எடுத்ததும் பிடி தானாகவே சரியான இடத்தில் வந்து உட்காரும். மண்வெட்டி வாங்குகிறவர் இலையைப் பார்க்காமல் பிடியைத்தான் முதலில் பிடித்துப் பார்ப்பார், அது போல இதைப் பிடித்துப் பார்த்தே வாங்கியவர்கள் பலர். விற்றவற்றில் எனக்குக் கவலை தந்தது இது ஒன்றுதான்.

இருந்தும் இந்தக் குடும்பத்துக்கு நான் 75 ஐக் கழித்துவிட்டேன். முதல் காரணம், அதன் சேப்ரி நெம்பு, அதாவது தவறி வெடிக்காமல் பூட்டி வைக்கும் நெம்பு, இடப்பக்கத்தில் மட்டும்தான், வலதுகைக்காரரின் பெருவிரலுக்கு. இரண்டாவது, இதில் சுத்தியல் உண்டு. சுத்தியல் கீழே இருந்தால் முதல் ரவைக்கு ட்ரிகரை நீளமாக, பாரமாக இழுக்க வேண்டும், அடுத்தவை எல்லாம் குறுகியதாகவும் இலேசாகவும் வரும். இரண்டையும் கற்க வேண்டும். சுத்தியலை ஏற்றிச் சேப்ரியைப் போட்டும் வைத்திருக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஸ்ட்ரைக்கர் வகையான கிளொக் இருக்கும்போது, ஒன்றில் சேப்ரியைத் தள்ள வேண்டும், மற்றதில் அப்படி ஒன்றே இல்லை என்றால், அவசரத்தில் கை எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது. வருடக்கணக்காகச் சுடுகிறவருக்கு இது பிரச்சினை அல்ல. இரண்டு பேர் பழகும் வீட்டில் ஒரே மாதிரி இயங்குவதை வைத்திருப்பதே நல்லது. ஹூஸ்டனின் ஈரக் காற்றில் உருக்கை அடிக்கடி எண்ணெய் போட்டுத் துடைக்கவும் வேண்டும், அது சின்ன விஷயம்.

சிக் சவர் பி320 ஐப் பெறாமகன் எழுதிக்கொண்டே வந்திருந்தான். போட்டிக்கு வருகிறவர்களில் பலரிடம் அது இருந்ததாம். 2014 இல் வந்தது. 2017 இல் அமெரிக்க இராணுவம் எம்17, எம்18 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. வடிவமைப்பு அழகானது. தொடர் இலக்கம் அடித்த உள் இயந்திரம்தான் சட்டப்படி துப்பாக்கி. அதை வெளியே எடுத்துச் சின்னப் பிடிக்குள்ளும் போடலாம், பெரிய பிடிக்குள்ளும் போடலாம். ஒன்றை வாங்கி இரண்டு பேரின் கைக்கும் பொருத்தலாம் என்பது அவனுடைய எண்ணம். ட்ரிகரைத் தொடாமல் கழற்றவும் முடியும்.

ஆனால் 2017 ஓகஸ்டில், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் அது வெடிக்கக்கூடும் என்பது வெளியே வந்தது. கொம்பனி உள் பாகங்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அதன் பிறகும், ட்ரிகரைத் தொடாமலே உறைக்குள் இருந்தபடி வெடித்தது என்று பலர் வழக்குப் போட்டார்கள். கொம்பனி அதை உறுதியாக மறுக்கிறது. சில வழக்குகள் தள்ளுபடியாகின, 2024 இல் இரண்டில் நடுவர் குழு கொம்பனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சில பொலிஸ் திணைக்களங்கள் பாவிப்பதை நிறுத்தின. உலகத்தில் இலட்சக்கணக்கில் இருக்கும் பி320 களில் பெரும்பாலானவை ஒழுங்காகவே வேலை செய்கின்றன என்பதும் உண்மைதான். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அதே விலையில் இப்படிப்பட்ட கேள்வி எதுவுமே இல்லாத நாலு பிஸ்டல்கள் இருக்கும்போது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதைத் தெரிவு செய்ய ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கழித்துவிட்டோம். பழையது வாங்குகிறவர்கள் தொடர் இலக்கத்தைக் கொம்பனியிடம் கொடுத்து, 2017 திருத்தம் செய்யப்பட்டதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இன்னும் இரண்டைப் பற்றி ஒரு வரி. துருக்கியின் கனிக் மலிவு, ட்ரிகர் மிக இலேசு. பழகியவருக்கு நல்லது, புதியவருக்கு அவ்வளவு இலேசான ட்ரிகரைக் கொடுக்க மாட்டேன். பெரெட்டா 92 இன் பிடி என் கைக்கே பெரிது.

பெறாமகன் பட்டியலில் எழுதாத ஒன்றையும் நான் சேர்த்தேன்: .22 என்கிற சின்ன ரவையைச் சுடும் பிஸ்டல். அதிர்வு ஏறக்குறைய இல்லை, சத்தம் குறைவு, 9 மில்லிமீற்றர் ரவை ஒன்று 25 சதம் அளவில் போகும்போது இது அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். கிளொக் 44 என்பது 19 இன் அதே அளவில் .22 சுடுவது. பிரேசிலின் டோரஸ் டி.எக்ஸ்.22 அதைவிட மலிவு, 16 ரவை போகும். புதிதாகப் பழகுகிறவர் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடப் பழகிவிட்டால் பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு; .22 இல் தொடங்கினால் அந்தப் பழக்கமே வராது. மருமகளின் முதல் பாடங்கள் இதில்தான் நடக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். ஆனால் இதை வாங்கத் தேவையில்லை. பெரிய ரேஞ்சுகளில் வாடகைக்குக் கொடுப்பார்கள்.

வாங்காமல் விடுவதும் ஒரு தெரிவுதான், அதையும் கொப்பியில் எழுதினோம். 600 டொலர் என்பது எங்கள் காசில் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல். அந்தக் காசுக்கு 9 மில்லிமீற்றர் ரவை ஏறத்தாழ 2,400 வரும். பெறாமகனின் போட்டிப் புள்ளி உயர வேண்டுமென்றால், புதுப் பிஸ்டலை விட அந்த 2,400 ரவைதான் அதிகம் உதவும். இதை அவனுக்கு நேராகவே சொன்னேன். "சித்தப்பா, அப்ப எனக்கு ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லுறீங்கள்" என்றான். ஓம், அவனுக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கிளொக் 19 ஐ வைத்து அவன் இப்போது சுடுகிற பிரிவில் இன்னும் எவ்வளவோ முன்னேறலாம். ரெட் டொட் ஆசை இருந்தால் அந்த ஸ்லைடையே வெட்டக் கொடுக்கலாம். வெட்டுக்கும் டொட்டுக்கும் சேர்த்து 400, 500 டொலருக்குள் முடியும். அப்படியென்றால் இரண்டாவது பிஸ்டல் உண்மையில் மருமகளுடையது. அவளுடைய கைக்குத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததும் பட்டியல் இரண்டாகச் சுருங்கியது: சின்னத் துண்டு போட்ட எம் அன்ட் பி 2.0 கொம்பக்ட், மற்றது வால்தர் பி.டி.பி. எஃப். இரண்டும் ஸ்ட்ரைக்கர் வகை, இரண்டிலும் 15 ரவை, இரண்டும் இடதுகைக்கு மாற்றக்கூடியவை, வீட்டில் உள்ள கிளொக்கைப் போலவே இயங்குபவை. இதற்கு மேல் கோண்டாவிலில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. கடதாசி கழிக்க உதவும், தெரிவு செய்யக் கை வேண்டும். ஹூஸ்டனுக்குப் போனதும் இரண்டையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்து, ஒரே ரவையை, ஏழு கஜத் தூரத்தில், ஐந்து ஐந்தாக மாறி மாறிச் சுடச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கடதாசியில் துளைகள் நெருக்கமாக இருக்கின்றன என்று பார்ப்பதோடு, இருபது ரவைக்குப் பிறகு பிடியை எத்தனை தரம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சுட்ட பிறகு பிடி கைக்குள் நகர்ந்தால், அளவு சரியில்லை. கணவன் பக்கத்தில் நின்று கருத்துச் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். இரண்டும் சமமாக வந்தால் எம் அன்ட் பி.யை எடுக்கட்டும், ட்ரிகரை இழுக்காமல் கழற்றலாம் என்பதற்காக. வால்தரில் துளைகள் தெளிவாக நெருங்கி வந்தால் நூறு டொலர் கூடக் கொடுத்து அதையே வாங்கட்டும்.

பிஸ்டலுக்கு என்று ஒதுக்கிய காசில் பெட்டிக்கும் இடம் வைக்க வேண்டும். டெக்சாஸ் சட்டப்படி, சுடத்தக்க துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குப் போனால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யக்கூடாத காரியம். இரண்டாவது பிஸ்டல் வரும்போது முதலாவதின் சின்னப் பெட்டி காணாது. அலுமாரிக்கு மேல் வைப்பேன் என்கிற கதைக்கு இடமே இல்லை. பெட்டிக்குக் காசு இல்லையென்றால் பிஸ்டலும் அடுத்த வருடம்.

எங்கள் ஆட்கள் பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலை வீசா, மாணவர் வீசா போன்ற தற்காலிக வீசாவில் இருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ ரவையோ வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. செல்லுபடியான வேட்டை அனுமதி போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஆகவே ஊரிலிருந்து போன தம்பியையோ மச்சானையோ பொழுதுபோக்காக ரேஞ்சுக்குக் கூட்டிப் போகும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். கிறீன் கார்ட் உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

இங்கே வரும்போதும் கவனம் வேண்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையில் உடுப்பைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. ஏதோ ஒரு மூலையில் ஒரு ரவையோ வெற்றுக் கோதோ கிடந்துவிட்டால் கட்டுநாயக்காவில் யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் ரவை வைத்திருப்பது இலங்கையில் குற்றம். யாழ்ப்பாணத்துக்கு வருகிற பையில் அது இருந்தால் அதைப் பற்றி வேறு கேள்விகளும் எழும்.

வாங்கும் அன்று கடையில் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும். உண்மையில் யாருக்காக வாங்குகிறீர்கள் என்று அதில் கேட்பார்கள். இன்னொருவர் காசு கொடுக்க, அவருக்காகத் தன் பெயரில் வாங்குவது கூட்டாட்சிக் குற்றம். கணவன் மனைவிக்கு அன்பளிப்பாக வாங்கிக் கொடுக்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் மருமகளுடைய பிஸ்டலை அவளே கடைக்குப் போய், அவளே பிடித்துப் பார்த்து, அவள் பெயரிலேயே வாங்குவதுதான் நேர்மையான வழி. தற்போதைய முகவரி உள்ள டெக்சாஸ் அடையாள அட்டையும் கிறீன் கார்டும் கொண்டுபோக வேண்டும். பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். சில வேளை தாமதம் என்று பதில் வரும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. மூன்று வேலை நாளுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதுவரை வாடகை .22 இல் பாடம் நடக்கட்டும்.